உனக்குப் பஞ்சி இல்லை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது ஒரு சின்னக் கேள்வி. ஸ்ரௌவ்வில் நகரில் உன் புது வீட்டைக் கட்டுகிறவர்கள், வீட்டைச் சூடாக்குகிற சாதாரண ஃபேர்னஸ் ஒன்றுதான் வீட்டோடு சேர்த்துத் தருகிறார்கள், மேலதிகமாகக் காசு கட்டினால் எரிவாயுவை மிச்சம் பிடிக்கிற நல்லதாக ஒன்றைப் போட்டுத் தருவார்களாம், எது இலாபம் என்று கேட்டாய். "அம்மா, நீங்கள்தானே உதிலை எக்ஸ்பேட். பத்து வருசத்துக்குக் கணக்குப் பார்த்தால் எது சரி எண்டு சொல்லுங்கோ" என்றாய். நான் அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. உனக்குப் பதில் சொல்லத் தொடங்கினால், ஏழு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும். அதற்குத் துணிவு வர எனக்கு நாலு நாள் எடுத்தது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே "பரவாயில்லை அம்மா" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பத்து வயதில் இங்கே வந்த பிள்ளை நீ, தமிழ் வாசிக்க உனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆறுதலாக வாசி. முதலில் தனியே வாசித்துவிட்டுப் பிறகு மருமகளிடமும் கொடு.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நல்லதையே போடு. ஸ்காபரோ வீட்டை நாங்கள் வாங்கியபோது நிலத்துக்குக் கீழே பேஸ்மென்றில் இருந்த பழைய ஃபேர்னஸ் உனக்கு நினைவிருக்கும். அது தொடங்கும்போது அலுமாரிக்குள் பீங்கான்கள் கிலுகிலுக்கும். மேல் மாடியில் வியர்க்கும், குசினியில் கால் விறைக்கும். அப்பா தொழிற்சாலையால் வந்து சூட்டைக் கூட்டுவார், நான் குறைப்பேன், அவர் குளிக்கப் போகிறவர் மாதிரிப் போய் மறுபடியும் கூட்டிவிட்டு வருவார். ஃபேர்னஸ் போட வந்தவர் அந்தப் பழையதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்கள் வீட்டைச் சூடாக்கேல்லை, ஸ்காபரோவின்ரை வானத்தைச் சூடாக்குறியள்" என்று சிரித்தார். உண்மைதான். எரிகிற வாயுவின் சூட்டில் ஒரு பெரிய பங்கு புகைக்கூட்டால் மேலே போய்க்கொண்டிருந்தது. புதியது அந்தச் சூட்டையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆறிப்போன காற்றை மட்டும் வெளியே விடும். அதற்குப் புகைக்கூடே தேவையில்லை, சுவரால் போகிற ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் போதும். முதல் குளிர்காலத்து பில்லைப் பார்த்துவிட்டு அப்பா, கொம்பனிக்காரன் மீற்றரைப் பிழையாக வாசித்துவிட்டான் என்று நினைத்தார். அவருடைய முழங்கால் நோவும் அந்த வருடம் பாதியாகக் குறைந்தது.

செலவும் உண்டு. வாங்குகிற விலை கூட, அது திரும்பி வரச் சில வருடங்கள் எடுக்கும். நீ அந்த வீட்டில் நிலைத்து இருக்கப் போகிறவன், ஆகவே உனக்கு அது திரும்பி வரும். மாதத்துக்கு ஒரு தடவை வடிகட்டியைக் கழற்றிப் பார். ஃபேர்னஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும், அது ஒழுங்காக வடிகாலுக்குப் போகிறதா என்று பார். பனி கொட்டினால் வாசல் வழியை வழிக்க முதல் அந்தக் குழாயின் வாயைத் துப்புரவாக்கு. கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், ஆகவே கம்பளிப் போர்வைகளைக் காரேஜில் மூட்டை கட்டிவிடாதே. இவ்வளவும் எந்தக் கடைக்காரனும் சொல்லுவான். அவன் சொல்லாததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் குசினியில் அடுப்புக்கு மேலே, மணத்தை வெளியே இழுக்க நான் பூட்டுவித்த பெரிய காற்றாடி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அது உனக்காகத்தான் வாங்கியது. நீ பதினோராம் வகுப்பில் இருந்தபோது ஒரு காலை, பள்ளிக்கூடம் போக முன் கோட்டின் கையை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தாய். பிறகு கோட்டை இங்கேயே கழற்றி வைத்துவிட்டு, அந்தக் குளிருக்குள் சுவெற்றரோடு போனாய். நான் அப்போது சனி ஞாயிறுகளில் ரோல்ஸும் பற்றிஸும் ஓடருக்குப் பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், வீடு முழுக்க எண்ணெயும் வெங்காயமும் மணக்கும். அடுத்த கிழமையே சாப்பாட்டுக் கடைகளுக்குப் பூட்டுகிற அளவு பலமான காற்றாடி ஒன்றை வாங்கிப் பூட்டுவித்தேன். போட்டால் மேசையில் இருக்கிற பேப்பர் பறக்கும். உன் கோட்டில் அதற்குப் பிறகு மணமே இருக்கவில்லை. எனக்குப் பெரிய பெருமை.

அடுத்த வருடம் ஒக்டோபரில் புது ஃபேர்னஸ் வந்தது. போட வந்தவர் எங்கள் ஆள், யாழ்ப்பாணம்தான். பழைய புகைக்கூட்டைக் காட்டிச் சொன்னார்: "அக்கா, இனி உந்தப் புகைக்கூட்டிலை, வாயுவிலை எரியிற சுடுதண்ணித் தாங்கி மட்டும்தான் நிக்கப் போகுது. ஃபேர்னஸின்ரை சூடு இல்லாட்டில் கூடு குளிர்ந்து போகும், தாங்கியின்ரை புகை மேலை ஏறாமல் திரும்பி வரும். உள்ளுக்குள்ளை சின்னதா ஒரு லைனர் குழாய் விடவேணும்." எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு கிழமை ரோல்ஸ் காசு. நான் உடனே பேரம் பேசத் தொடங்கினேன். சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவள் மாதிரி, "அதைக் கழிச்சுவிட்டுச் செய்யுங்கோ தம்பி. இருபது வருசம் நிண்ட கூடு, இன்னும் நிக்கும்" என்றேன். அவர் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். கடைசியில், "அப்ப நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னதெண்டு எழுதுறன், கையெழுத்து வைச்சுத் தாங்கோ" என்றார். வைத்தேன். மற்றவர்களிடம், "ஆளை நல்லா மடக்கிப்போட்டன்" என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவர் "புகை" என்று சொன்னதுதான் என் காதில் விழுந்தது. புகை வந்தால் எனக்குத் தெரியாதா? மேல் மாடியில் நின்றே கீழே வெங்காயம் கருகுவதைச் சொல்லுகிற மூக்கு எனக்கு. ஆனால் ஊரில் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். வாயு சரியாக எரியாவிட்டால் வருகிற காபனோரொட்சைட்டு நிறமற்றது, மணமற்றது, நஞ்சு என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதிப் போட்டிருப்பேன், பிள்ளைகளைக் கொண்டு எத்தனை தடவை ஒப்புவிக்கச் செய்திருப்பேன். அந்தப் பாடத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது.

மிச்சம் பிடிக்கிற ஆசை ஒன்றோடு நிற்காது. அந்த மாதமே யன்னல் இடுக்கெல்லாம் காற்று வராமல் ஒட்டு நாடா ஒட்டினேன். பிளாஸ்ரிக் தாள் வாங்கி யன்னல்களை மூடித் தலை காய வைக்கிற மெசினால் சூடு பிடித்து இறுக்கினேன். வீடு போத்தல் மாதிரி அடைபட்டது. அதே மாதம்தான் சித்தப்பா குடும்பம் ஊரிலிருந்து வந்து இறங்கியது. மேலே இடம் போதவில்லை. யாரும் கேட்க முதல் நீயாகவே, "நான் கீழை போறன், அங்கை படிக்க அமைதியா இருக்கும்" என்று சொல்லி மேசையையும் கட்டிலையும் பேஸ்மென்றுக்கு இறக்கினாய். பல்கலைக்கழகத்துக்குப் போகிற வருடம் அது. பொறியியல் படிக்கப் போகிறாய் என்று நான் கோயிலிலும் சாமான் கடையிலும் சொல்லி முடித்திருந்தேன். உன் கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சுடுதண்ணித் தாங்கி நின்றது.

தைமாதம் முதல் நீ தலையிடி என்று சொல்லத் தொடங்கினாய். முதல் இரண்டு தரம் பனடோல் தந்தேன். மூன்றாம் தரம் கண் பரிசோதிப்பித்தேன், கண்ணில் பிழை இல்லை. அதற்குப் பிறகு நான் கேட்கிற விதம் மாறிவிட்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு முந்நூறு ரோல்ஸ். காலையிலிருந்து காற்றாடி ஓடுகிறது, நான் பெரிய சட்டிகளைச் சுடுதண்ணீரில் கழுவிக் கழுவிப் பொரித்துக்கொண்டிருக்கிறேன். நீ படியைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தாய்.

"அம்மா, தலை இடிக்குது. வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் மேலை படுக்கட்டோ?"

"மேலை சித்தப்பாவின்ரை பிள்ளையள் விளையாடுதுகள். நீ கீழை போய்ப் படு."

"கீழை இருந்தால்தான் கூடுது அம்மா."

"கீழை புத்தகம் இருக்கு, அதுதான் கூடுது. உனக்கு வருத்தமும் இல்லை ஒண்டும் இல்லை. பஞ்சி. வெறும் பஞ்சி!"

சித்தப்பா வரவேற்பறையில் இருந்து சிரித்தார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு திரும்பிக் கீழே போனாய். நான்தான் உன்னைக் கீழே அனுப்பினேன், தம்பி. என் கையில் ரோல்ஸ் மா ஒட்டியிருந்தது, அதைக் கூடக் கழுவாமல் கதவைச் சாத்தினேன். எனக்கும் அன்றைக்குத் தலை இடித்தது. எண்ணெய் வெக்கை என்று நினைத்தேன்.

சோம்பல் என்று சொன்னால் ஏதோ ஒரு நாளைக்கு உரியது மாதிரி இருக்கும். எங்களுடைய ஆட்கள் பஞ்சி என்று சொன்னால் அது ஒருவனோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வருடம் உன்னோடு ஒட்டிக்கொண்டது. கணக்கில் எப்போதும் முன்னுக்கு நின்ற பிள்ளை புத்தகத்தின் மேல் கவிழ்ந்து நித்திரையானாய். பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்தது. பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக இல்லை என்றன. அப்பா ஒன்றும் சொல்லாமல் தொழிற்சாலையில் இரண்டு நேரமும் வேலை செய்யத் தொடங்கினார், அது சொன்னதை விடக் கூட. நான் சொன்னேன், நிறையச் சொன்னேன். எதையெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுதவில்லை, உனக்கு மறந்திருக்காது.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், கொம்பனியிடம் வாடகைக்கு எடுத்திருந்த சுடுதண்ணித் தாங்கியைப் பரிசோதிக்கிற ஆள் வந்தார். நீல உடுப்பு, இடுப்பில் ரோர்ச் லைற், நெஞ்சில் அட்டை. மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தாங்கியின் தலைக்குக் கிட்ட ஒரு நெருப்புக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தார். சுவாலை மேலே இழுபட வேண்டும், அது எங்களைப் பார்த்து வளைந்தது. அவர் மேலே பார்த்து, "அது என்ன சத்தம்?" என்று கேட்டார். நான் ஓடிப்போய்க் காற்றாடியை நிற்பாட்டிவிட்டு வந்தேன். சுவாலை நிமிர்ந்தது. அவர் விளங்கப்படுத்த முதலே எனக்கு விளங்கிவிட்டது. அடைத்த வீட்டுக்குள் இருந்து என் காற்றாடி காற்றை இழுக்க, வேறு வழியில்லாமல் புகைக்கூட்டால் காற்று கீழே இறங்கியிருக்கிறது. தாங்கி எரிந்த நேரமெல்லாம் அதன் நஞ்சு சுவரைத் தாண்டி உன் கட்டிலுக்கு வந்திருக்கிறது. கரும்பலகையில் நான் எழுதிய மூன்று சொற்களும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

அவர் சாத்தியிருந்த உன் அறைக் கதவைப் பார்த்துக் கேட்டார்: "இங்கே கீழே யாராவது படுக்கிறார்களா? யாருக்காவது தலையிடி, சத்தி?"

நான் "இல்லை" என்றேன்.

ஏன் என்று நீ கேட்பாய். எனக்கும் வருடக்கணக்காக அதே கேள்விதான். ஊரில் வீட்டுக்குள் ஆமிக்காரன் வந்து, "இளம் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டால், கேள்வி முடிய முன்னமே எங்கள் வாயில் இல்லை என்று வந்துவிடும். உன் சித்தப்பா அறைக்குள் நெல்லு மூட்டைக்குப் பின்னால் இருக்க, நான் வாசலில் நின்று அப்படிச் சொல்லியிருக்கிறேன். நீ அப்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். அந்த இல்லைதான் அவரை உயிரோடு கனடா வரைக்கும் கொண்டுவந்தது. அன்றைக்கும் உடுப்புப் போட்ட ஒருவர் என் வீட்டுக்குள் நின்று பிள்ளையைப் பற்றிக் கேட்டார். சின்ன யன்னல் உள்ள பேஸ்மென்றில் பிள்ளையைப் படுக்க வைத்ததற்கு வழக்குப் போடுவார்களோ, சித்தப்பாவின் அகதி விண்ணப்பத்துக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஆனால் இது அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் காரணம். அவர் தாங்கிக்குப் போகிற வாயுவை நிற்பாட்டி, பாவிக்கக் கூடாது என்று சிவப்பு அட்டை கட்டிவிட்டு, "நல்ல காலம். அப்படி யாரும் படுத்திருந்தால் இன்றைக்கே டொக்டரிடம் கொண்டுபோகச் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உன்னை டொக்டரிடம் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் காரணம் சொல்ல வேண்டும். இதற்கு ஆமிக்காரனைச் சாட்ட முடியாது. இது நான் யோசித்துச் செய்தது.

அடுத்த கிழமை ஃபேர்னஸ் போட்ட அதே ஆளைக் கூப்பிட்டு லைனர் போடுவித்தேன். அப்பாவிடம் கொம்பனி கேட்டது என்றேன். உன்னை மேலே கூப்பிட்டு எங்கள் அறையைத் தந்தேன், சோதனைக்குப் படிக்க வெளிச்சம் வேணும் என்றேன். பத்து நாளில் உன் தலையிடி போய்விட்டது. ஆனால் நேரம் கடந்துவிட்டது. கடைசிச் சோதனை முடிந்த அன்று சித்தப்பா சாப்பாட்டு மேசையில், "பாத்தியளே அண்ணி, சோதினை முடிஞ்சுது, தலையிடியும் முடிஞ்சுது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீயும் சிரித்தாய், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நீ ஒஷாவாவில் கொலிஜ் படித்து, மார்க்கம் நகரில் நல்ல வேலை எடுத்து, உன் சொந்தக் காலில் நின்று வீடும் வாங்கிவிட்டாய். பொறியியலாளர் ஆகாததில் இப்போது எனக்குக் கவலை இல்லை. என் கவலை வேறு. உன் கலியாணத்தன்று மைக்கைப் பிடித்து, "எங்கடை வீட்டிலை நான்தான் பஞ்சி, கொஞ்சம் பாத்து நடத்துங்கோ" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னாய். மண்டபம் சிரித்தது. போன மாதம் அவள் என்னிடம் வந்து, "மாமி, இவர் நூற்றியிரண்டு காய்ச்சலோடையும் வேலைக்குப் போறார். ஞாயிற்றுக்கிழமை கூடக் கதிரையிலை இருக்கிறாரில்லை. படுங்கோ எண்டால் எனக்குப் பஞ்சி பிடிச்சிடும் எண்டுறார்" என்றாள். நான் பேச்சை மாற்றினேன். பிறகு போன ஞாயிற்றுக்கிழமை, ஃபேர்னஸ் கதையெல்லாம் முடிந்தபின், வரப்போகிற பிள்ளையைப் பற்றி நீ சொன்னாய்: "என்னை மாதிரிப் பஞ்சியாப் பிறக்காட்டில் சரி அம்மா." அப்போதுதான் அடுப்பில் கறி இருக்கிறது என்றேன்.

ஆகவே உன் வீட்டுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். நல்ல ஃபேர்னஸைப் போடு, ஆனால் கட்டுகிறவனிடம் ஒரு கேள்வி கேள்: சுடுதண்ணித் தாங்கி எந்த வழியால் மூச்சு விடப் போகிறது? அதற்கும் தனிக் குழாய் வைக்கச் சொல். புது வீடுகளை இறுக்கி அடைத்துத்தான் கட்டுகிறார்கள், வெளிக்காற்றைச் சூடாக்கி உள்ளே கொண்டுவருகிற பெட்டி ஒன்று இருக்கிறதாம், அதையும் பேரம் பேசாமல் வாங்கு. பெரிய காற்றாடி போட்டால் ஒரு யன்னலைக் கொஞ்சம் திற. எங்கள் பேஸ்மென்ற் சுவரில் இருக்கிற வெள்ளைப் பெட்டியை நெருப்பு அலாம் என்று உனக்குச் சொன்னேனே, அது நெருப்புக்கு அல்ல, மணமில்லாத அந்த நஞ்சு வந்தால் கத்துகிறது. நீ கொலிஜுக்குப் போன பிறகு வெறும் அறைக்கு வாங்கிப் பூட்டினேன். அதே மாதிரி ஒன்றை உன் வீடு குடிபூரலுக்குக் கொண்டுவருவேன். பால் காய்ச்ச முதல் அதைப் பூட்டு.

உன் பிள்ளை ஒரு நாள் வந்து தலை இடிக்குது என்று சொல்லும். அது பொய்யாகவும் இருக்கலாம். நூறு தரம் பொய்யாக இருந்தாலும் நூறு தரமும் நம்பு. நம்பி ஏமாந்தால் ஒரு நாள் பள்ளிக்கூடம்தான் போகும்.

கடிதத்தோடு ஒரு பழைய தாள் இருக்கிறது. லைனர் வேண்டாம் என்று எழுதியிருக்கும், அதற்குக் கீழே என் கையெழுத்து. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இந்தக் கிழமை நானே சொல்லப் போகிறேன். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டு எழுதவில்லை, கோபித்தால் கோபி, எத்தனை நாள் வேண்டுமென்றாலும். ஆனால் காய்ச்சல் வந்தால் படு. பேஸ்மென்றுக்கு இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அந்த நீல உடுப்புக்காரர் இன்னும் அங்கே நின்று கேட்கிறார், இங்கே கீழே யாராவது படுக்கிறார்களா என்று. நேற்றுத்தான் முதல் தரம், ஆளில்லாத அந்த அறையில் நின்று வாய் திறந்து பதில் சொன்னேன்.

"ஓம். என்ரை மகன் இஞ்சைதான் படுக்கிறவன். நாலு மாசமாத் தலை இடிக்குது எண்டு சொல்லிக்கொண்டிருந்தவன். அவன் சொன்னது உண்மை. நான்தான் நம்பேல்லை."

அம்மா